நாற்பது பாகம் மணிலாக் கயிறு

எனக்குக் கை குட்டை. இதை நானே முந்திக்கொண்டு சொல்லிவிடுவது நல்லது. ஏனென்றால் ஒரு கப்பலின் கப்டன் இதைத் தாளில் தட்டச்சுச் செய்து, கீழே கையெழுத்தும் வைத்து, என் முதலாளிக்கு அனுப்பியிருக்கிறார். இன்றைக்கு நினைத்தால் சிரிப்பு வருகிறது. அந்தக் கிழமை முழுக்க எனக்குத் தொண்டையால் சோறு இறங்கவில்லை.

எழுபதுகளின் நடுவில் நடந்தது. திருகோணமலையில் துறைமுகத்துக்குப் போகும் தெருவில், கப்பல்களுக்குச் சாமான் கொடுக்கிற கடை ஒன்றில் நான் கிளாக்கராகச் சேர்ந்திருந்தேன். அரிசி, மரக்கறி, சவர்க்காரம், பெயின்ற், கயிறு, என்ன கேட்டாலும் தேடிப்பிடித்து லோஞ்சில் ஏற்றிக் கப்பலுக்கு அனுப்புவோம். முன்பக்கம் கந்தோர், பின்பக்கம் நீளமான ஸ்டோர். முதலாளி மூதூர்க்காரர், முஸ்லிம், தேவைக்கு மேல் ஒரு சொல் பேசாதவர். பெண்பிள்ளை ஒருத்தியை அவர் வேலைக்கு எடுத்தது அதுதான் முதல் தடவை. எடுத்ததுகூட என் ஆங்கிலத் தட்டச்சுக்காகத்தான்.

"மூண்டு மாசம் பாப்பம் புள்ள. சரிவந்தா இருக்கலாம்" என்றார்.

சரிவராவிட்டால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். வவுனியாவில் பெரியப்பாவின் அரிசி ஆலையில் எனக்கென்று ஒரு கதிரையும் மேசையும் காத்திருந்தன. பெரியப்பா நல்ல மனிதர். ஆனால் வவுனியாவில் கடல் இல்லை. எங்கள் வீடு இருந்த பாலையூற்றில் காலை பஸ் ஏறி வந்து இறங்கி, துறைமுகப் பக்கம் திரும்பியதும் எண்ணெயும் உப்பும் கலந்து ஒரு காற்று முகத்தில் அடிக்கும். பத்து நாளிலேயே நான் அதற்கு அடிமையாகிவிட்டேன். அந்த வேலை எனக்கு வேண்டும். எப்படியாவது வேண்டும்.

வேலையில் பாதி, அளவு மாற்றுவதுதான். கப்பல்காரர் கிலோவில் கேட்பார்கள். சந்தையில் இறாத்தல், மொத்தமாக எடுத்தால் அந்தர். கிளிவெட்டிப் பக்கத்து அரிசி புசலில் வந்து, சில்லறையில் கொத்தாகும். மண்ணெண்ணெய்க்குப் போத்தல், பெயின்றுக்குக் கலன். இதற்குள்ளே அரசாங்கமும் எல்லாரும் மெட்ரிக்குக்கு மாறுங்கள் என்று சொல்லிக்கொண்டிருந்தது. சந்தையில் மீன் விற்பவரிடம் நான் ஒருநாள் அதைச் சொல்லிப் பார்த்தேன். மீன் எந்தக் கணக்கில் பிடிபட்டதோ அந்தக் கணக்கில்தான் விற்கும் என்று சொல்லித் தராசைத் தூக்கினார்.

நான் விடவில்லை. பெரிய மட்டை ஒன்றை எடுத்து, கோடு போட்டு, எது எதற்குச் சமம் என்று பட்டியல் எழுதி, மேசைக்கு மேலே ஆணியில் மாட்டினேன். அமெரிக்கக் கலன் நாங்கள் பாவிக்கும் கலனைவிடச் சிறியது என்று கண்டுபிடித்துச் சொன்னதும் நான்தான். முதலாளி மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி போட்டுக்கொண்டு, பட்டியலை மேலிருந்து கீழாகப் பார்த்தார். அவர் மெச்சுகிற விதம் அதுதான். எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் ஏறியது உண்மை.

அளவுகளை மட்டையில் அடக்கியாயிற்று. ஆட்களைத்தான் அடக்க முடியவில்லை.

ஸ்டோரைப் பொறுப்பாகப் பார்த்தவர் ஒரு சிங்களவர். தெற்குக் கரையிலிருந்து மீன்பிடிக்க வந்து, இங்கேயே தங்கிப்போனவர். நல்ல உயரம், ஸ்டோர் வாசலில் தலையைக் குனிந்துதான் நுழைவார். அவர் தங்கச்சி என்ற பொருளில் என்னை நங்கி என்பார், நான் அவரை அண்ணன் என்பேன். இருபது வருஷம் தமிழ் பேசியும் 'அவள்' என்ற சொல் அவர் வாயில் வரவில்லை. அவருடைய பேச்சுச் சிங்களத்தில் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே சொல் போதும். ஆகவே தமிழிலும் கைக்கு அகப்பட்ட ஒன்றை எடுத்து எல்லாருக்கும் போட்டுவிட்டார். அது 'அவன்'. முதலாளியின் மனைவி சாப்பாடு அனுப்பினால், அவன் இன்றைக்கு நல்ல இறைச்சிக்கறி அனுப்பியிருக்கிறான் என்பார். என்னைக் கேட்டு யாரும் வந்தால், அவன் உள்ளே இருக்கிறான் என்பார். முதலாளியையும் முகத்துக்கு நேரே அவன் என்பார். முதலாளி அதைக் காதில் போட்டுக்கொள்வதில்லை.

எங்கள் தமிழ் மட்டும் என்ன பெரிய ஒழுங்கு? அவன், அவள், அவர், அவ, அது என்று ஐந்தை வைத்துக்கொண்டு ஆளுக்குத் தக்கபடி நிறுத்துக் கொடுக்கிறோம். சுங்கக் கந்தோரில் என்னைவிட இரண்டு வயது இளைய பையன் ஒருவன் வேலை பார்த்தான். அவனைப் பற்றிப் பேசினால், அவர் வந்தார், அவர் சொன்னார். என்னைப் பற்றிப் பேசினால், அந்தப் பிள்ளை வந்தது, கடுதாசியைத் தந்துவிட்டுப் போனது. மாடு வந்தது, வைக்கோலைத் தின்றது என்பதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம் என்று எனக்குப் பற்றிக்கொண்டு வரும். முதலாளியும் அப்படித்தான் சொல்வார். பாசமாகத்தான் சொன்னார் என்று இப்போது விளங்குகிறது. அப்போது விளங்கினாலும் கோபம் வந்திருக்கும்.

ஆங்கிலத்தில் வேறு கூத்து. கடிதங்களில் நான் பெயரின் முதலெழுத்துகளை மட்டும் போட்டுக் கையெழுத்து வைப்பேன். பதில்கள் எல்லாம் 'அன்புள்ள ஐயா' என்று வரும். அதே கடிதங்களில் கப்பலை மட்டும் அவள் என்று எழுதியிருப்பார்கள். அவள் செவ்வாய்க்கிழமை வருகிறாள், அவளுக்குத் தண்ணீர் வேண்டும். ஆகக் கப்பல் பெண், நான் ஆண். முதலாளி அதைத் திருத்தவில்லை. நானும் திருத்தவில்லை. தபாலில் நான் மீசை வைத்த ஒரு மனிதராக இருந்தது எனக்குப் பிடித்தும் இருந்தது.

சித்திரை வருஷப்பிறப்பு வந்தது. என் மூன்று மாதம் முடிய இரண்டு கிழமைதான் இருந்தது. சிங்களவருக்கும் சைவக்காரருக்கும் ஒரே நாளில் பெருநாள் என்பதால், கடையில் மிஞ்சியது முஸ்லிம் முதலாளியும் மாதா கோயிலுக்குப் போகும் வேதக்காரியான நானும்தான். அண்ணன் ஒரு கிழமை லீவில் ஊருக்குப் போயிருந்தார். காலையில் மூதூரிலிருந்து ஆள் வந்து, முதலாளியின் தங்கைக்குச் சுகமில்லை என்றார். பெருநாள் அன்று எந்தக் கப்பல்காரனும் வரமாட்டான், பின்னேரம் பூட்டிவிட்டுப் போ என்று எனக்குச் சொல்லிவிட்டு அவரும் மூதூர் லோஞ்சில் ஏறிவிட்டார்.

பதினொரு மணிக்குக் கப்பல்காரர் ஒருவர் வந்து நின்றார். கப்பலின் மேல்தளத்து வேலையாட்களுக்குத் தலைவர், பிலிப்பைன்ஸ் நாட்டுக்காரர். நாற்பது பாகம் மணிலாக் கயிறு வேண்டும், ஒரே துண்டாக வேண்டும், கப்பல் நாலு மணிக்குப் புறப்படுகிறது என்றார்.

பாகம் என்றால் இரண்டு கையையும் விரித்து நின்றால் ஒரு விரல் நுனியிலிருந்து மற்ற விரல் நுனி வரை. வெள்ளைக்காரரிடமும் அதே அளவு வேறு பெயரில் இருக்கிறது. எங்கள் பக்கத்தில் கயிறு, வலை, கடலின் ஆழம் எல்லாம் பாகத்தில்தான். எங்கள் கடையில் அது அண்ணனின் வேலை. கயிற்றுச் சுருளின் முன்னால் நின்று, கையை விரித்து விரித்து, சிங்களத்தில் எண்ணிக்கொண்டு அளப்பார். ஸ்டோரில் அடிக்கோல் ஒன்றுகூட இருந்ததில்லை. என் மட்டையிலும் பாகம் மட்டும் இல்லை. இறாத்தலை எழுதலாம், புசலை எழுதலாம். பாகத்தை யாராவது எழுதி வைப்பார்களா? கையோடுதானே இருக்கிறது.

சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு நான் அளக்கத் தொடங்கினேன். அவர் ஒரு பெட்டியில் உட்கார்ந்து, நான் அளந்து விடும் கயிற்றைச் சுருட்டிக்கொண்டே கதை சொன்னார். மணிலாக் கயிறு உங்கள் ஊர்க் கயிறுதானே என்று கேட்டேன். தான் வேறொரு தீவுக்காரர் என்றும், நார் விளைவது வேறெங்கோ, பெயர் மட்டும் மணிலாப் பட்டினத்துக்குப் போய்விட்டது என்றும் குறைப்பட்டார். அவருடைய ஆங்கிலத்தில் மனைவி ஆணாகவும் கப்டன் பெண்ணாகவும் வந்தார்கள். மனைவி ரீச்சர், அவன் நல்லாகப் பாடுவான். கப்டன் முன்கோபி, தாடியை இழுத்துக்கொண்டு அவள் கத்துவாள். நான் சிரிப்பை அடக்க முடியாமல் கேட்டேவிட்டேன். தங்கள் பாஷையில் இரண்டு பேருக்கும் ஒரே சொல்தான், அவசரத்தில் எது கிட்ட இருக்கிறதோ அது வாயில் வருகிறது என்றார். இங்கேயும் ஒருவர் அப்படி இருக்கிறார் என்று அண்ணனைப் பற்றிச் சொன்னேன். அவர் இருந்திருந்தால் கைகுலுக்கியிருப்பேன் என்றார்.

இந்தச் சிரிப்பில் நான் அளப்பதை அவர் பார்க்கவேயில்லை. நாற்பது எண்ணி முடித்து, கத்தியால் அறுத்து, பற்றுச்சீட்டு எழுதிக் கையில் கொடுத்தேன். முதலாளியும் இல்லை, அண்ணனும் இல்லை, ஒரு கப்பலுக்கே கயிறு அளந்து அனுப்பிவிட்டேன் என்று மகிழ்ச்சியாகச் சாப்பிட்டேன்.

இரண்டு மணிக்கு அவர் கயிற்றோடு திரும்பி வந்தார். கையில் உலோக நாடா ஒன்றும் இருந்தது, மீற்றர் அளவு போட்டது. எழுபத்துமூன்று மீற்றர் இருக்கவேண்டும், பன்னிரண்டு மீற்றர் குறைகிறது என்றார். நான் இல்லவே இல்லை, எண்ணித்தான் அளந்தேன் என்று ஒன்றிரண்டு நிமிஷம் வாதாடினேன். அவர் கோபப்படவில்லை. தன் கைகளை விரித்துக் காட்டினார். பிறகு என்னையும் விரிக்கச் சொன்னார். விரித்தேன். விரித்தபடியே எனக்கு விளங்கிவிட்டது. பாகம் என்று கப்பல்காரர் சொல்வது ஆறடி. என் விரல் நுனியிலிருந்து விரல் நுனிக்கு ஐந்தடிதான்.

அளவெல்லாம் அறிந்தவள், மட்டை மாட்டியவள், அமெரிக்கக் கலனைப் பிடித்தவள். அப்படியே நிலம் பிளந்து உள்ளே போய்விடலாம் போல இருந்தது.

இருந்த சுருளில் மறுபடி ஒரு நாற்பது பாகத்தை அவருடைய நாடாவாலேயே அளந்து அறுத்தோம். முடிச்சுப் போட்ட கயிறு கப்பலுக்கு உதவாது என்பதால் பழைய துண்டை நீட்ட வழியில்லை. அவர் அவசரமாகத் தூக்கிக்கொண்டு போனார். போகும்போது கையை அசைத்துவிட்டுத்தான் போனார். ஸ்டோரின் நடுவில் இருநூறு அடிக் கயிறு, எந்தக் கப்பலுக்கும் வேண்டாததாகக் கிடந்தது.

ஸ்டோரின் கடைசி மூலையில் சாக்குகளுக்குப் பின்னால் இடம் இருந்தது. அங்கே போட்டால் மாதக்கணக்கில் ஒருவரும் பார்க்கமாட்டார்கள். அதற்குள் என் மூன்று மாதம் முடிந்துவிடும். நான் அதை இழுத்துக்கொண்டு பாதித் தூரம் போனேன். இதை மறைக்க விரும்பவில்லை, போனேன்தான். பாதியில் எனக்கு அண்ணனின் முகம் ஞாபகம் வந்தது. கயிறு அவருடைய பொறுப்பு. என்றைக்கோ ஒருநாள் இது வெளியில் வந்தால் கேள்வி அவரிடம்தான் போகும். திரும்ப இழுத்து வந்து, முதலாளியின் மேசைக்கு முன்னாலேயே போட்டுவிட்டுக் கடையைப் பூட்டினேன்.

மறுநாள் காலை முதலாளி வந்து கயிற்றைப் பார்த்தார். நான் நடந்ததை ஒன்றும் விடாமல் சொன்னேன். தங்கைக்குச் சுகம் என்றார். கயிற்றைப் பற்றி ஒரு சொல்தான் சொன்னார்.

"அவன் வரட்டும், பாப்பம்."

அண்ணன் வர ஐந்து நாள் இருந்தது. ஐந்து நாளும் நான் அந்தக் கயிற்றைத் தாண்டித்தான் என் மேசைக்குப் போனேன். முதலாளி அதை எடுக்கச் சொல்லவும் இல்லை. வவுனியாவின் வெயிலையும், ஆலையின் தவிட்டுத் தூசியையும் மனதில் பார்க்கத் தொடங்கிவிட்டேன். வீட்டில் ஒருவருக்கும் சொல்லவில்லை.

ஐந்தாம் நாள் கப்பலின் முகவர் மூலமாகக் கடிதம் வந்தது. கப்டன் எழுதியிருந்தார். கயிறு கடைசியில் சரியாகக் கிடைத்தது, நன்றி. ஆனால் முதலில் வந்தது குறைவு. உங்கள் கிளாக்கர் நேர்மையான மனிதர், பண்பானவர் என்று என் ஆள் சொல்கிறான். ஆனால் அவருக்குக் கை குட்டையாம். இனிமேல் கயிறு அளக்க உயரமான ஆண் ஒருவரை வைத்துக்கொள்வது உங்கள் கடைக்கு நல்லது. இதுதான் சாரம். தாடிக்காரக் கப்டனைப் பெண்ணாக்கிய அந்த மனிதர், அதே வாயால் என்னை ஆணாக்கி அனுப்பியிருந்தார்.

முதலாளி இரண்டு தரம் வாசித்தார்.

"ஆர் புள்ள இந்த மனுசன்?"

"நான்தான் முதலாளி."

அவர் தாளை மடித்து மேசை லாச்சியில் வைத்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வாய்ப்பேச்சாக இருந்த பிழை இப்போது எழுத்தில் வந்துவிட்டது, இனித் தப்ப வழியில்லை என்று மட்டும் நினைத்தேன்.

அன்று மத்தியானமே அண்ணன் வந்து சேர்ந்தார். ஒரு ரின் நிறையக் கொக்கிஸ் பலகாரம் கொண்டுவந்திருந்தார். அதைத் திறக்க முதலே முதலாளி எங்கள் இருவரையும் ஸ்டோருக்குக் கூப்பிட்டார். பக்கத்துத் தச்சரிடம் அடிக்கோல் வாங்கி வந்திருந்தார். என்னைச் சுவரோடு நிற்க வைத்துக் கைகளை விரிக்கச் சொல்லி, தொடாமல், சுவரில் கரிக்கட்டியால் கோடு போட்டார். ஐந்தடிக்கு ஒரு விரல் குறைவு. பிறகு அண்ணனை விரிக்கச் சொன்னார். அந்தச் சுவர் போதாதோ என்று இருந்தது. ஆறரை அடி.

முதலாளி கரிக்கட்டியைக் கையில் வைத்துக்கொண்டு அந்தக் கோடுகளையே பார்த்தார். ஒவ்வொரு நாற்பது பாகத்துக்கும் இருபது அடி அதிகம். இருபது வருஷம். எனக்கு என் பிழை மறந்து, அண்ணனுக்கு என்ன நடக்குமோ என்று பயம் வந்தது. அண்ணனும் விரித்த கையை மடக்க மறந்து நின்றார்.

முதலாளி மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார்.

"அதான் கப்பல்காரனெல்லாம் கயிறு வேணுமெண்டா நம்மட கடையத் தேடி வாறான்" என்றார்.

அவர் சிரித்து நான் பார்த்தது அன்றுதான். சிரித்து முடித்ததும் என்னைக் காட்டி, இந்தப் பிள்ளையை என்ன செய்யலாம் என்று அண்ணனைக் கேட்டார். அண்ணன் தமிழைத் தேடித் தேடிப் பேசினார்.

"அவன் இருக்கட்டும் முதலாளி. கயிறு ஒளிக்க ஸ்டோர்ல நிறைய இடம் இருக்கு. அவன் ஒளிக்க இல்ல. அவன் வந்து சொன்னான்."

பாதித் தூரம் இழுத்துப்போனது அவருக்குத் தெரியாது. எனக்கு முகம் சுட்டது. ஆனாலும் அந்த அவன், அந்த நேரம், எனக்கு எவ்வளவு ஆறுதலாக இருந்தது என்று சொல்ல முடியாது.

முதலாளி பேச்சைக் கயிற்றுக்குத் திருப்பினார். ஸ்டோரில் இருந்த நீளமான பலகையில் ஆறடிக்கு இரண்டு பித்தளை ஆணி அடிக்கச் சொன்னார். அண்ணன் அடித்தார். இனிமேல் ஆணிக்கு ஆணி கயிற்றை இழுத்து எண்ணுவது, யாரும் கையை விரிக்கக்கூடாது என்று உத்தரவு. குட்டைக் கயிறும் அன்றைக்கே போயிற்று. மூதூர் மீனவர் ஒருவர், என்னிலும் கொஞ்சம்தான் உயரம், வலைக்கு நாற்பது பாகம் கயிறு தேடி வந்தார். ஆணிப் பலகையை அவர் திரும்பியும் பார்க்கவில்லை. கிடந்த துண்டைத் தன் கையால் அளந்தார். நாற்பதுக்குக் கொஞ்சம் குறையும், பரவாயில்லை என்று தோளில் போட்டுக்கொண்டு திருப்தியாகப் போனார்.

கடை பூட்டுகிற நேரம் முதலாளி என்னைக் கூப்பிட்டு, கப்டனுக்குப் பதில் அடிக்கவேண்டும் என்றார். நான் தாளைச் செருகினேன். அவர் தமிழில் சொல்ல நான் ஆங்கிலத்தில் அடிப்பது எங்கள் வழக்கம். கடிதம் கிடைத்தது, பிழைக்கு வருந்துகிறோம், இனிமேல் ஆறடிக்கு ஆறடி சரியாக இருக்கும் என்று சொன்னார். பிறகு யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு சொன்னார்.

"உயரமான ஆள் எங்களுக்குத் தேவையில்ல. எங்கட கிளாக்கர் நிரந்தரமா எங்களோடதான் இருப்பார். அப்பிடிப் போடு."

என் விரல் நின்றுவிட்டது. மூன்று மாதமாக வந்தது போனது என்று கேட்ட வாயிலிருந்து அந்த ஒரு 'இருப்பார்'. கண் நிறைந்து, எழுத்துகள் கலங்கின. அவர் திரும்பிப் பார்க்கவில்லை. நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு, எங்கள் கிளாக்கர் நிரந்தரமாக எங்களோடு இருப்பாள் என்று, ஆங்கிலத்தில், பெண்ணுக்குரிய சொல்லைப் போட்டு அடித்தேன். அந்தக் கந்தோரிலிருந்து போன கடிதங்களில், கப்பல் அல்லாத ஒருத்திக்கு அந்தச் சொல் விழுந்தது அதுதான் முதல் தடவை.

முதலாளி கண்ணாடியைத் துடைத்துப் போட்டு, முழுவதையும் வாசித்து, கையெழுத்து வைத்தார். நான் அதை உறையில் இட்டு ஒட்டினேன்.